கல்லும் வைக்கோலும் வளர்த்த கை

1908 அக்டோபரில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் ஒக்கினாவாவின் கல்வித் துறையினருக்குப் பத்து அம்சங்கள் கொண்ட கடிதம் ஒன்றை எழுதினார். அவர் பெயர் இதோசு அன்கோ. ரியூக்கியு நாட்டின் கடைசி மன்னரிடம் எழுத்தராக இருந்தவர். 1879இல் ஜப்பான் அந்த நாட்டைக் கலைத்து ஒக்கினாவா என்ற தன் மாகாணமாக்கிக்கொண்டபோது அரண்மனை உத்தியோகம் போனது. அதுவரை வீட்டுக் கொல்லையிலும் கல்லறைத் தோட்டங்களிலும் விடிவதற்குமுன் ரகசியமாகப் பழகப்பட்ட ஒரு கலையை 1901இல் ஷூரி நகரின் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 1905இல் அங்குள்ள மாகாண முதல் நடுநிலைப் பள்ளியில் அதற்கென்றே பகுதிநேர ஆசிரியரானார். அந்தக் கலையை ஒக்கினாவாவின் எல்லாப் பள்ளிகளுக்கும், பிறகு ஜப்பான் முழுமைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதே கடிதத்தின் கோரிக்கை.

கடிதம் சிறியது. கராத்தே எங்கிருந்து வந்தது, யாரிடம் அதைப் பயன்படுத்தக் கூடாது, எப்படி நிற்பது, கையையும் காலையும் எப்படி உரமேற்றுவது எல்லாம் அதில் அடுத்தடுத்து வருகின்றன. வரலாறு ஒரு பக்கம், ஒழுக்கம் ஒரு பக்கம், உடற்பயிற்சி இன்னொரு பக்கம் என்று இன்றைய பயிற்சிக் கையேடுகள் பிரித்துவைக்கும் பிரிவினை இதோசுவிடம் இல்லை. தோளைத் தளர்த்தி, கால்விரல்களால் தரையைப் பற்றி நிற்கச் சொல்லும் அதே குரலில், முரடன் எதிர்ப்பட்டாலும் இயன்றவரை விலகிப் போகச் சொல்கிறார். கராத்தேயைப் புரிந்துகொள்ள இந்தப் பிணைப்புதான் திறவுகோல் என்பது என் எண்ணம். அதன் அறம் உடற்பயிற்சிக்கு உள்ளே இருந்தே வந்தது. பயிற்சி மாறியபோதெல்லாம் அறமும் ஆட்டம் கண்டது.

முதலில் பிறப்பைப் பற்றி. ஜப்பானிய சாமுராய்கள் ஒக்கினாவா உழவர்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள், அதனால் உழவர்கள் வெறுங்கையால் போரிடக் கற்றார்கள் என்ற கதை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். சான்றுகள் இடம் கொடுப்பதில்லை. ஷூரி கோட்டையின் கைப்பிடிச் சுவரில் 1509இல் பொறிக்கப்பட்ட வாசகம் மன்னர் ஷோ ஷின் காலத்து ஆயுதங்களைப் பற்றிப் பேசுகிறது. அதை ஆயுதப் பறிப்பு என்று ஒரு காலத்தில் படித்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்காக அரசின் கிடங்கில் ஆயுதங்கள் சேர்த்துவைக்கப்பட்டதையே அது சொல்கிறது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1609இல் ஜப்பானின் சத்சுமா பகுதிப் படைகள் தீவைக் கைப்பற்றியபின் ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தது உண்மை. ஆனால் கராத்தேயின் முன்னோர்களாக நாம் பெயர் சொல்லக்கூடியவர்களில் ஏர் பிடித்தவர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. மத்சுமுரா சோகோன் அரச குடும்பத்தின் மெய்க்காவலர். இதோசு எழுத்தர். பெச்சின் என்று அழைக்கப்பட்ட, படிப்பும் காவல் பொறுப்பும் சேர்ந்த அதிகாரி வகுப்பின் கலையாகவே அது இருந்தது.

அந்த அதிகாரிகளுக்குச் சீனா அந்நிய தேசமாகத் தோன்றவில்லை. 1372 முதல் ரியூக்கியு அரசு மிங் பேரரசுக்குத் திறை கொண்டுபோய் வணிகம் செய்தது. 1392இல் ஃபூஜியன் பகுதியிலிருந்து சீனக் குடும்பங்கள் வந்து நாஹா துறைமுகத்தருகே குமே என்ற குடியிருப்பில் தங்கின. ஃபூஜோ நகரில் ரியூக்கியு வணிகருக்கும் மாணவருக்கும் தனி விடுதியே இருந்தது. இந்தக் கடல்வழியில் பட்டும் பீங்கானும் வந்தன, மருத்துவ ஏடுகளும் சண்டை முறைகளும் கூடவே வந்தன. 1762இல் புயலில் சிக்கி ஜப்பானின் தோசா கரையில் ஒதுங்கிய ரியூக்கியு அதிகாரி ஒருவர் சொன்ன செய்திகளை அங்கிருந்த அறிஞர் எழுதிவைத்தார். குஷான்கு என்ற சீனர் தம்மைவிடப் பருத்த ஆளைப் பிடிமுறையால் வீழ்த்திக் காட்டியது அதில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு கட்டா இன்றும் பயிலப்படுகிறது. ‘தே’ என்று உள்ளூரில் வழங்கிய கைச்சண்டையோடு இவையெல்லாம் கலந்து, ஷூரி, நாஹா, தொமாரி என்ற மூன்று ஊர்களில் மூன்று சாயல்களாக நிலைபெற்றன. ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான்.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் போதிதர்மரைக் கேட்பார். காஞ்சிபுரத்து இளவரசர் சீனா சென்று ஷாவோலின் மடத்தில் கற்றுக்கொடுத்த கலையே கராத்தேயின் வேர் என்று நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் படம் மாட்டி வணங்குகிறார்கள். அந்தப் பற்றை நான் மதிக்கிறேன். வரலாறாக ஏற்க முடியவில்லை. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்பது வேறொரு பழைய குறிப்பு. காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயர் அதற்கும் பிந்தைய மரபில் வருவது. இரண்டு பழைய குறிப்புகளிலும் சண்டைக்கலை பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அவர் பெயரால் வழங்கும் தசைநாண் பயிற்சி நூல் 1624 வாக்கில் எழுதப்பட்டது, முன்னுரைகள் பழமைக்காகப் புனையப்பட்டவை என்பதை 1930களில் சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவ் நிறுவினார். இதோசுவின் கடிதமோ இன்னும் வெளிப்படை. கராத்தே புத்த மதத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டுத்தான் சீனாவிலிருந்து வந்த மரபுகளின் பெயர்களைத் தருகிறார்.

பள்ளிக்குள் வந்ததும் கலை உருமாறியது. அதுவரை ஓர் ஆசிரியரிடம் இரண்டு மூன்று மாணவர்கள் இருப்பார்கள். ஒரு கட்டா மனதில் ஊறும்வரை அடுத்தது சொல்லித்தரப்படாது. கட்டா என்பது கற்பனை எதிரிகளுக்கு எதிராக வரிசைப்படுத்தப்பட்ட அசைவுகளின் தொகுப்பு. நைஹாஞ்சி என்ற பக்கவாட்டுக் கட்டாவின் மூன்று பகுதிகளுக்கே பத்தாண்டுகள் செலவழித்ததாக இதோசுவின் மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் எழுதியிருக்கிறார். ஐம்பது சிறுவர்களை ஒரு மைதானத்தில் நிறுத்திவைத்து இப்படிக் கற்பிக்க இயலுமா? இதோசு பழைய கட்டாக்களிலிருந்து எளிய துண்டுகளை எடுத்து பினான் என்ற ஐந்து புதிய கட்டாக்களை அமைத்தார். வரிசையாக நின்று, எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லோரும் ஒன்றாகக் குத்தும் முறை வந்தது. கண், தொண்டை, மூட்டு ஆகியவற்றைக் குறிவைக்கும் ஆபத்தான பொருள்கோள்கள் வகுப்பில் பேசப்படாமல் போயின. இன்று சேலத்திலோ யாழ்ப்பாணத்திலோ மாலை வகுப்பில் பிள்ளைகள் வெள்ளுடையில் வரிசையாக நின்று குரல் கொடுத்துக் குத்தும் காட்சியின் மூலம் அந்தப் பள்ளி மைதானந்தான்.

1922இல் ஃபுனாகோஷி தோக்கியோவில் நடந்த உடற்பயிற்சிக் கண்காட்சியில் செய்துகாட்டி, பிறகு அங்கேயே தங்கினார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ அவரை வரவேற்றார். தரப் பட்டைகளும் வெள்ளை உடையும் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை. 1924இல் கேயோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் அமைந்தது. கராத்தே என்ற பெயரில் சீனத்தைக் குறித்த பழைய எழுத்தை நீக்கி ‘வெறுங்கை’ என்று எழுதுவதை ஹனாஷிரோ சோமோ 1905லேயே செய்திருந்தார். 1936 அக்டோபர் 25 அன்று நாஹாவில் கூடிய ஆசான்கள் அதை உறுதிசெய்தார்கள். சீனாவோடு போர் நெருங்கிய காலம் அது என்பதை மறக்கலாகாது. மியாகி சோஜுனின் கோஜு-ரியூ, மாபுனி கென்வாவின் ஷிதோ-ரியூ, ஒத்சுகா ஹிரோனோரியின் வாதோ-ரியூ, ஃபுனாகோஷியின் ஷோதோகான் என்று இன்று நாம் அறியும் நான்கு பெரும் பிரிவுகளும் இந்தக் காலத்தில் பெயர் பெற்றவை. பல ஆயிரம் ஆண்டுப் பழமை என்ற பேச்சுக்கு இங்கே வேலையில்லை. நாம் பயிலும் வடிவம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்குள் அடங்கும்.

இனி கைக்கு வருவோம். முதல் நாள் வகுப்பில் கற்றுத்தருவது முட்டி பிடிப்பது. சுலபமென்று தோன்றும் இந்தச் செயலில் பெரும்பாலோர் வருடக்கணக்கில் பிழையோடேயே இருப்பார்கள். நான்கு விரல்களையும் நுனியிலிருந்து சுருட்ட வேண்டும். உள்ளங்கைக்குள் காற்று புகாத அளவுக்கு இறுக்கம் வேண்டும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்கே வெளியில் படியும். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்கும். மோதுவது ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் கணுக்கள் மட்டும். இந்த இரண்டு விரல்களின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் பிணைந்தவை, தாங்கும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மெலிந்தது, இளகி அசைவது. சுவரிலோ ஒருவர் தாடையிலோ கோபத்தில் குத்திவிட்டு எலும்பு முறிவுப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு அந்த எலும்பின் கழுத்துத்தான் பெரும்பாலும் உடைந்திருக்கும்.

குத்து தோளில் தொடங்குவதாக நினைப்பது தொடக்கநிலையாளரின் பழக்கம். பின்காலால் தரையை அழுத்துவதில் அது தொடங்குகிறது. அழுத்தம் முழங்கால் வழியே இடுப்புக்கு ஏறி, இடுப்பு திரும்பி, முதுகு இழுபட்டு, முழங்கை விலாவை உரசிக்கொண்டே முன்னேறி, கடைசி அங்குலத்தில் முட்டி திரும்புகிறது. பட்ட கணத்தில் உடல் முழுதும் ஒருமுறை இறுகித் தளரும். அந்தக் கணத்துக்கு கிமே என்று பெயர். மற்றொரு கை அதே நேரத்தில் இடுப்புக்கு இழுபடும். வகுப்புகளில் இதற்குச் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் எதிர்விசைக் கணக்கு. பழைய ஒக்கினாவா விளக்கம் இதைவிடப் பொருத்தமானது: எதிராளியின் கையையோ சட்டையையோ பற்றி நம் பக்கம் இழுத்துக்கொண்டு குத்துகிறோம். ஃபுனாகோஷியின் எழுத்திலும் இந்த விளக்கம் உண்டு. இழுக்கும் கை வெறுமனே இடுப்பில் போய் உட்காருவது, கட்டாவின் பொருளை வகுப்பறை மறந்ததன் அடையாளம்.

நிலைகளையும் தடுப்புகளையும் உதைகளையும் பட்டியலிடுவதில் பயனில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். முன்காலில் எடை தாங்கும் நீண்ட நிலை, குதிரைமேல் அமர்ந்தாற்போன்ற அகல நிலை, பூனைக்கால் நிலை எல்லாமே தரையோடு உடல் பேசும் வெவ்வேறு வழிகள். தலை உயரத்துக்கு எழும் உதைகள் பிற்காலத்தவை, பெரும்பாலும் ஜப்பானின் பெருந்தீவில் 1930களுக்குப் பின் வளர்ந்தவை. பழைய ஒக்கினாவாக் கட்டாக்களில் உதை இடுப்புக்கு மேலே போவது அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் வலுப்பயிற்சி. ஹோஜோ உந்தோ, அதாவது துணைப் பயிற்சி என்ற பெயரில் நாஹா மரபினர் பேணிவரும் கருவிகளைக் கண்டால் முதலில் அதிசயமாக இருக்கும். எல்லாமே ஒரு தச்சரும் கல்தச்சரும் குயவரும் சேர்ந்து செய்துவிடக்கூடியவை. சீஷி என்பது வட்டக் கல்லிலோ சிமென்ட்டிலோ செருகிய ஒரு மரப்பிடி. நம் பயில்வான்கள் சுற்றும் கர்லாக்கட்டையைப் போல எடை முழுவதும் ஒரு முனையில் இருக்கும். பிடியின் அடியைப் பற்றி மெதுவாகத் தூக்கி, நிமிர்த்தி, தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருப்ப வேண்டும். கல் சாய்ந்துகொண்டே இருப்பதால் மணிக்கட்டும் முன்கையும் தோளும் ஒரு நொடிகூட ஓயாது. நிகிரி-கமே என்பவை ஒரு ஜோடி மண் ஜாடிகள். விரல்நுனிகளால் வாய்விளிம்பை மேலிருந்து பற்றித் தூக்கிக்கொண்டு சான்சின் என்ற கட்டாவின் அடிவைப்பில் நடக்க வேண்டும். வாரங்கள் போகப்போக ஜாடிக்குள் மணல் சேரும். கல்லால் ஆன பூட்டு வடிவக் கருவி, கயிற்றில் எடை கட்டிச் சுருட்டும் கட்டை, இரும்பு மிதியடி என்று வரிசை நீளும்.

நீள்வட்டமான பெரிய இரும்பு வளையம் ஒன்றும் உண்டு, கொங்கோகென். இருவர் தள்ளியும் இழுத்தும் முறுக்கியும் பழகுவார்கள். 1934இல் ஹவாய் சென்ற மியாகி அங்கே மல்லர்கள் இதைப் பயன்படுத்தக் கண்டு ஒக்கினாவாவுக்குக் கொண்டுவந்தார் என்பது அவர் மரபினர் சொல்லும் செய்தி. மரபை மாற்றக் கூடாது என்று வாதிடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். மரபின் மிகப் பெரிய ஆசான், கடல் கடந்துபோன இடத்தில் கண்ட நல்லதைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

மக்கிவாராவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தரையில் ஆழமாக நட்ட ஒரு பலகை, ஒருவரின் மார்பு உயரம். அடியில் தடித்து, மேலே போகப்போக மெலிந்து, உச்சியில் ஒரு விரல் கனமே இருக்கும். அடிபடும் இடத்தில் நெல் வைக்கோல் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருக்கும். இதை விரல்கணுவில் காய்ப்பு உண்டாக்கும் கருவியாக நினைத்துக் கை வீங்கக் குத்துகிறவர்கள் அதன் நோக்கத்தையே தவறவிடுகிறார்கள். பலகை வளையும். வளைய வளைய எதிர்ப்பு கூடும். முட்டி பட்டபின்னும் சில அங்குலம் அதைத் தள்ளிப் பிடிக்கிறபோது, மணிக்கட்டு சற்றே மடிந்திருந்தால் அங்கே வலிக்கும். தோள் தூக்கியிருந்தால் உடல் பின்னால் தள்ளப்படும். பின்குதிகால் எழும்பியிருந்தால் வலுவே பலகைக்குப் போய்ச் சேராது. காற்றில் ஆயிரம் முறை குத்தினாலும் தெரியவராத பிழை இங்கே முதல் அடியில் தெரிந்துவிடும். இதோசு கடிதத்தில் கேட்பது ஒவ்வொரு கைக்கும் நூறு, இருநூறு அடிகள். அதோடு தோள் தாழ்ந்திருக்க வேண்டும், நெஞ்சு விரிய வேண்டும், பலம் அடிவயிற்றில் நிலைகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறார். எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் கிடைப்பது காயம்.

எலும்பு சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கினார். அடிபட்ட எலும்பு திரும்பக் கட்டிக்கொள்ள நாட்கள் பிடிக்கும். ஓய்வில்லாத மக்கிவாராவும், கான்கிரீட் தூணில் கட்டிய மக்கிவாராவும் மூட்டுகளைக் காயப்படுத்தக்கூடும். வளர்ச்சித் தகடுகள் இன்னும் மூடாத பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். ஓடு உடைப்பு, செங்கல் உடைப்பு, கைமேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுதல் என்று பள்ளி ஆண்டு விழாக்களில் சிறுவர்களைக் கொண்டு நடத்தும் காட்சிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஹோஜோ உந்தோவில் அவற்றுக்கு இடமே கிடையாது.

கருவியில்லாத வலுப்பயிற்சி சான்சின். ஃபூஜியனின் வெண்கொக்கு மரபில் இதன் உடன்பிறப்புகளை இன்றும் காணலாம். ஹிகாவோன்னா கான்ரியோ ஃபூஜோவில் கற்று நாஹாவுக்குக் கொண்டுவந்தார். அவர் மாணவர் மியாகி அதைச் செப்பனிட்டார். கால்கள் தோள் அகலம். முன்காலின் பாதம் சற்று உள்நோக்கித் திரும்பி, அதன் குதிகால் பின்காலின் பெருவிரலுக்கு நேராக நிற்கும். முழங்கால்கள் உள்ளே நெருங்கும். இடுப்பெலும்பு மேல்நோக்கிச் சுருளும். முழங்கை விலாவிலிருந்து ஒரு முட்டி தூரம். இந்த நிலையில், மூச்சை மூக்கால் ஆழ இழுத்து வாயால் ஒலியோடு விட்டுக்கொண்டு, மிக மெதுவாக மூன்றடி முன்னே சென்று திரும்பி வர வேண்டும். ஆசிரியர் பின்னால் நின்று தோளிலும் முதுகின் பக்கங்களிலும் தொடையிலும் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். எந்தத் தசை விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பது அவருக்குத் தட்டலிலேயே தெரியும். சில நிமிடங்களில் வியர்வை தரையில் சொட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்த நோய் உள்ளவர்கள் மென்மையான மூச்சோடு, தளர்வாகச் செய்வதே நல்லது.

இந்தப் பயிற்சியெல்லாம் தசையைப் பெருக்குவதற்காக என்று நினைத்தால் ஆய்வுகள் வேறொன்று சொல்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியினரும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியினரும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்புப் பட்டை பெற்ற 12 பேரையும் சண்டைக்கலை பழகாத, ஆனால் ஒழுங்காக உடற்பயிற்சி செய்யும் 12 பேரையும் ஒப்பிட்டார்கள். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் குத்தச் சொன்னார்கள். கராத்தேக்காரர்களின் குத்து வலுவாக இருந்ததில் வியப்பில்லை. மணிக்கட்டும் தோளும் உச்ச வேகத்தை எட்டும் நேரங்கள் எவ்வளவு பிசகாமல் பொருந்துகின்றன என்பதில்தான் அந்த வலுவின் வேர் இருந்தது. மூளையைப் படமெடுத்தபோது, சிறுமூளையிலும் இயக்கப் புறணியிலும் உள்ள வெண்பொருளின் அமைப்பு பயிற்சி தொடங்கிய வயதோடும் இந்தப் பொருத்தத்தோடும் சேர்ந்தே மாறுபட்டது. சாயும் கல்லும் வளையும் பலகையும் சொல்லிக்கொடுப்பது இந்தப் பொருத்தத்தைத்தான்.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். 1979இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் கராத்தேயின் இயற்பியலைப் பற்றி வந்த கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் ரொனால்ட் மெக்நேர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பின இயற்பியலாளர், தாமே கறுப்புப் பட்டைக்காரர். பயின்ற கை நொடிக்கு பத்து மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து மூவாயிரம் நியூட்டனுக்கு மேல் விசை செலுத்த வல்லது என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது அதில் இருந்த எழுவரில் அவரும் ஒருவர்.

இத்தகைய கை கொண்ட ஒருவர் என்ன செய்யக் கூடாது என்பதற்கு ஃபுனாகோஷி இருபது நெறிகளை எழுதினார். வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிப்பது முதல் நெறி. முதலில் கை ஓங்காமை அடுத்தது. கமாகுராவில் உள்ள எங்காகுஜி கோயிலில் 1968இல் அவருக்கு நிறுவிய நினைவுக்கல்லில் அந்த நெறியே பொறிக்கப்பட்டது. எல்லா ஆசான்களும் அதை ஒரே மாதிரி புரிந்துகொள்ளவில்லை. தெருச்சண்டைகளில் பெயரெடுத்த மொதோபு சோகி, தாக்குதல் தவிர்க்க முடியாதது என்று உறுதியான பிறகு முந்திக்கொள்வதே கராத்தே என்றார். எனக்கு இருவரும் முரண்படுவதாகத் தோன்றவில்லை. சண்டையைத் தேடிப் போகாதே என்கிறார் ஒருவர்; வந்துவிட்டால் திகைத்து நிற்காதே என்கிறார் மற்றவர். வேலை முடிந்து இரவில் தனியே வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு இரண்டுமே தேவை.

நெறி எழுதி வைப்பதால் மட்டும் காப்பாற்றப்படுவதில்லை. இதோசுவின் கடிதத்தில் என்னை உறுத்தும் ஒரு பகுதியும் இருக்கிறது. சிறுவயது முதல் கராத்தே பயின்றவர்கள் பிற்காலத்தில் நல்ல படைவீரர்கள் ஆவார்கள் என்று வாதிடுகிறார். நெப்போலியனை வென்ற வெலிங்டன் பள்ளி மைதானத்தைப் புகழ்ந்ததாக வழங்கும் வாசகத்தைத் துணைக்கு அழைக்கிறார். அரசாங்கத்தை இணங்கவைக்க அவருக்கு அந்த வாதம் வேண்டியிருந்திருக்கலாம். 1930களில் பல்கலைக்கழகச் சங்கங்களில் வரிசையும் கட்டளையும் போர்க்கால மனநிலையோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டன. 1945இல் அமெரிக்கப் படைகள் ஒக்கினாவாவில் இறங்கியபோது ஜப்பானிய ராணுவம் பள்ளிச் சிறுவர்களைப் படையில் சேர்த்தது. இதோசு கற்பித்த அதே முதல் நடுநிலைப் பள்ளியின் மாணவர்களும் அதில் இருந்தார்கள், பலர் திரும்பவில்லை. தீவின் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அந்தப் போரில் மாண்டார். மியாகி தமக்குப்பின் என்று எண்ணியிருந்த மாணவர் ஷின்சாதோ ஜின்-ஆன் இறந்தார். ஷூரி கோட்டை தரைமட்டமானது. தோக்கியோவில் ஃபுனாகோஷியின் பயிற்சிக்கூடம் குண்டுவீச்சில் எரிந்தது.

போருக்குப்பின் கலை உலகமெங்கும் பரவியதில் ஒக்கினாவாவில் முகாமிட்ட அமெரிக்க வீரர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1970இல் தோக்கியோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2021இல், ஓராண்டு தள்ளி நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், ஒக்கினாவாவைச் சேர்ந்த கியுனா ரியோ கட்டாப் பிரிவில் தங்கம் வென்றார். அந்தத் தீவில் பிறந்து ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். பதக்க மேடையில் மறைந்த தாயின் படத்தை ஏந்தி நின்றார். அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை. பலரும் இதைப் பேரிழப்பாகப் பேசினார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. புள்ளிக்காகத் தொட்டுவிட்டு விலகும் குமித்தே என்ற சண்டைப் போட்டி, நடுவர் கண்ணுக்காகக் குரலையும் இடைநிறுத்தத்தையும் நீட்டும் கட்டா இரண்டும் சீஷியையும் ஜாடியையும் மூலையில் தள்ளிவிட்டன. போட்டியாளர்கள் நவீன எடைப்பயிற்சியில் வலுப்பெறுகிறார்கள், அது தவறில்லை. பலகையும் கல்லும் தனிமையில் சொல்லித்தரும் பொறுமைக்கு மட்டும் அங்கே மாற்று எதுவும் வரவில்லை.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி என்ற பெயரில் சில மாதங்கள் கராத்தே கற்றுத்தருகிறார்கள். இதை நான் மனதார வரவேற்கிறேன். சில மாதங்களில் வலு வராது. வரக்கூடியவை நேராக நிற்பது, உரத்துக் குரலெழுப்புவது, மணிக்கட்டு மடியாமல் முட்டி பிடிப்பது, பிடித்த கையை விடுவித்துக்கொண்டு ஓடுவது. இந்த நான்கையும் ஒழுங்காகக் கற்பித்தாலே அந்த மாதங்கள் வீணாகாது. தனியார் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் மாஸ்டரிடம் சிலவற்றைக் கேட்கலாம். அடுத்த பெல்ட் எப்போது என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். இந்தக் கட்டாவில் இந்த அசைவு எதற்கு என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்வீர்களா, பதின்ம வயதுக்கு முன் கடினமான பொருளில் குத்தச் சொல்வீர்களா, மூட்டு வலி என்றால் ஓய்வு தருவீர்களா என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். மூத்த மாணவர் இளையவரோடு பயிலும்போது எவ்வளவு பலத்தோடு அடிக்கிறார், மாஸ்டர் அதைக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். சுவரில் ஒட்டிய நெறிகளைப் படிப்பதைவிட அங்கே கிடைக்கும் விடை நம்பகமானது.